பக்கவாட்டில் ஓடிய காலம் – 9: ஆறு பாகம், மூன்று கட்சி

போன வாரம் கதையை ஷ்ரீவ்போர்ட்டில் நிறுத்தினோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலம், ஏரிக்கரையோரம் ஒரு வாடகை வீடு. அலுவலகக் கணினிகளை வார இறுதியில் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, ராப்பகலாக உட்கார்ந்து சொந்தமாக கேம் எழுதிவிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்றும் நடக்காததுபோல் திரும்பக் கொண்டுபோய் வைக்கும் சில இளைஞர்கள்.

அந்த வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1990 செப்டம்பர் 19 இரவு. சாஃப்ட்டிஸ்க் என்ற கம்பெனியின் அலுவலகத்தில் ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் விடிய விடிய விழித்திருந்தார்கள். நின்டெண்டோவின் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’ ஆட்டத்தின் முதல் லெவலைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒரு சாதாரண பிசியில் அப்படியே எழுப்பினார்கள். அந்தக் காலத்து பிசியில் திரை வழுவழுவென்று பக்கவாட்டில் நகராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நின்டெண்டோ பெட்டிக்குள் அந்த வேலைக்கென்றே வன்பொருள் உண்டு. பிசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கார்மாக் கண்ட வழி, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. திரை முழுவதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரையாதே, எந்தக் கட்டம் மாறியதோ அதை மட்டும் வரை. நீல வானம் நீல வானமாகவே இருக்கும்போது அதை எதற்கு மறுபடி வரைவது?

அந்த லெவலில் மரியோவுக்குப் பதிலாக ஓடியவன் ‘டேஞ்சரஸ் டேவ்’. நம் ஊர்ப் பள்ளிக் கணினி அறைகளில் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் தேடி ஓடினோமே, அதே டேவ்தான். காலையில் அந்த ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தவர் டேவைப் படைத்த ஜான் ரொமேரோ. இந்த அலுவலகத்தில் இனி நமக்கு வேலையில்லை என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மரியோவின் பிசி வடிவத்தை நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆட்டம் எங்கள் பெட்டியில் மட்டும்தான் என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். பிறகு டெக்சாஸிலிருந்து அப்போஜி கம்பெனியின் ஸ்காட் மில்லர் 2,000 டாலர் முன்பணம் அனுப்பினார். 1990 டிசம்பர் 14 அன்று ‘கமாண்டர் கீன்’ வெளியானது.

அந்தக் கீனின் ரசிகர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு சண்டையை விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு பாகங்களில் எது சிறந்தது?

பார்க்க ரசனைச் சண்டை மாதிரித்தான் இருக்கும். அப்படி இல்லை என்பது என் கட்சி.

★

முதலில் பையனைப் பார்த்துவிடுவோம்.

பில்லி பிளேஸ். வயது 8. மூளை மட்டும் அபாரம். வீட்டுக் கொல்லையில், கையில் கிடைத்த சாமான்களை வைத்தே ஒரு ராக்கெட் கட்டிவிட்டான். அதற்கு அவன் வைத்த பெயர் ‘பீன் வித் பேக்கன் மெகாராக்கெட்’, அதாவது ஒரு சூப்பின் பெயர். அண்ணனின் அமெரிக்கக் கால்பந்துத் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டால் பில்லி மறைந்து, பூமியின் காவலன் கமாண்டர் கீன் வந்துவிடுவான்.

முதல் பாகத்தில் அவன் செவ்வாய்க் கிரகத்தில் மாட்டிக்கொள்கிறான். நிறுத்திவைத்த ராக்கெட்டின் நான்கு பாகங்களை வேற்றுக்கிரகவாசிகளான வோர்ட்டிகான்கள் களவாடிவிட்டார்கள். என்னென்ன பாகங்கள்? ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு கார் பேட்டரி, ஒரு வாக்குவம் கிளீனர், எரிபொருளுக்காக ஒரு பாட்டில் சாராயம். விண்வெளிக் கதை என்றாலே விறைப்பாக நிற்கும் சிப்பாய்களைப் பார்த்துச் சலித்திருந்த பிள்ளைகளுக்கு, சமையற்கட்டுச் சாமானை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தைக் காப்பாற்றும் ஒரு பொடியன் கிடைத்தான். இந்தக் கதைச் சுருக்கத்தை டாம் ஹால் 15 நிமிடத்தில் எழுதிக்கொண்டு வந்தார் என்பது அந்தக் குழுவினரே சொல்லி வந்த கதை.

வியாபாரம் நடந்த விதத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதல் மூன்று பாகங்கள் சேர்ந்து ஒரு கதை. முதல் பாகம் இலவசம். யாரும் நகலெடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய புல்லட்டின் போர்டுகளிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். முதல் பாகம் முடிந்ததும் திரையில் விலாசம் வரும். மீதி இரண்டும் வேண்டுமென்றால் டெக்சாஸுக்குப் பணம் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 30 டாலர். ஷேர்வேர் என்று இதற்குப் பெயர்.

1991 ஜனவரியில் அந்த இளைஞர்களுக்கு வந்த முதல் ராயல்டி காசோலை 10,500 டாலர். பிப்ரவரி 1 அன்று ஐடி சாஃப்ட்வேர் என்ற பெயரில் சொந்தக் கடை திறந்துவிட்டார்கள்.

இலவசப் பாகம் ஊர் ஊராகப் போனது. காசு கொடுத்து வாங்கிய பாகங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆகவே ‘கீன்’ என்று யார் சொன்னாலும், பெரும்பாலும் அவர் மனதில் ஓடியது சிவப்புச் செவ்வாயும் முதல் பாகமும்தான். இரண்டும் மூன்றும் ஆடியவர்கள் ஒரு சின்னச் சபை.

★

அந்தச் சின்னச் சபை எதைப் பார்த்தது?

இரண்டாம் பாகத்தில் கீன் எதிரிகளின் தாய்க்கப்பலுக்குள் நுழைகிறான். பூமியின் எட்டு நகரங்களைக் குறிவைத்து எட்டுப் பீரங்கிகள். ஒவ்வொன்றையும் செயலிழக்க வைக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் தப்பான விசையை அழுத்தினால் பீரங்கி சுட்டுவிடும், பூமி வெடித்துச் சிதறும், ஆட்டம் முடிந்துவிடும். அந்தப் பாகத்தின் தலைப்பே ‘பூமி வெடிக்கிறது’ என்பதுதான். எத்தனை பிள்ளைகள் வேண்டுமென்றே அந்த விசையை அழுத்திப் பார்த்திருப்பார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

அந்தக் கப்பலுக்குள் ஒரு வயதான வோர்ட்டிகான் கீனிடம் உண்மையைச் சொல்கிறது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை, யாரோ எங்கள் மனதைக் கட்டிப்போட்டு ஆட்டுவிக்கிறார்கள் என்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மூன்றாம் பாகம். கீன் இப்போது எதிரிகளின் சொந்த ஊரில் நிற்கிறான். வீடுகள், தெருக்கள். தாய்மார்கள் குறுக்கே வருகிறார்கள், குட்டிகள் துள்ளிக் குதித்து ஓடுகின்றன. ஃபூப் என்று மஞ்சளாக ஒரு பிராணி. அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. நீங்கள் தொட்டாலே போதும், செத்துவிடும்.

கையில் துப்பாக்கி இருக்கிறது. எதிரில் நிற்பவர்கள் குற்றமற்றவர்கள் என்றும் தெரியும்.

மூன்றாம் பாகத்தைப் பற்றி ரசிகர்கள் இன்றும் இரண்டுபட்டு நிற்பதற்கு இதுதான் காரணம். சிலருக்கு அது கடினமான, கசப்பான பாகம். சிலருக்கோ ஆறு பாகங்களில் யோசிக்க வைத்தது அது ஒன்றுதான். இந்த விஷயத்தில் நான் பின்னவர்கள் பக்கம்.

★

இப்போது ஒரு பிணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் பாகத்தில் யார்ப் என்று ஒரு பச்சைப் பிராணி. ஒற்றைக் கண். கடிக்காது, சுடாது. நட்போடு ஓடிவந்து உங்களை இடிக்கும், அவ்வளவுதான். அது இடித்த இடியில் நீங்கள் பள்ளத்தில் விழுந்து செத்தால் அது உங்கள் தலையெழுத்து. கோபத்தில் அதைச் சுட்டுவிடுகிறீர்கள். மல்லாந்து விழுகிறது.

மரியோ ஆட்டமாக இருந்தால் அடுத்த நொடி காணாமல் போயிருக்கும். இங்கே அப்படியே கிடக்கும். அந்த லெவலின் கோடி வரை போய்த் திரும்பி வந்தாலும் நீங்கள் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

இது தொழில்நுட்பச் சோம்பல் இல்லை. டாம் ஹால் வேண்டுமென்றே செய்தது. ஒன்றைச் சுட்டால் அதற்கு ஒரு விளைவு உண்டு, அது மாயமாக மறைந்துவிடாது என்று ஆடுகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பெற்றோர் சிலர் இதை ஏற்கவில்லை. சின்னப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் பிணங்கள் எதற்கு, மற்ற ஆட்டங்களைப்போல மறைந்துபோகக் கூடாதா என்று புகார் வந்தது.

குழுவுக்குத் தர்மசங்கடம். மறைய வைத்தால், சுடுவதற்கு விளைவே இல்லை என்றாகிவிடும். கிடக்க விட்டால் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள்.

முதலில் ஒரு நடுவழியைப் பரிசோதித்தார்கள். பழைய கம்பெனியான சாஃப்ட்டிஸ்கோடு ஏற்பட்ட சமரசப்படி அவர்களுக்குத் தொடர்ந்து சில ஆட்டங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி 1991-ல் எழுதியது ‘கீன் ட்ரீம்ஸ்’. கீன் கனவு காண்கிறான். கனவில் காய்கறிகளின் ராஜ்ஜியம், ராஜா ஒரு உருளைக்கிழங்கு. கீன் கையில் துப்பாக்கி இல்லை. ஏதோ உருண்டைகளை வீசுகிறான். அடிபட்ட காய்கறி பூவாக மாறி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்துவிடும். வன்முறைப் பிரச்சினை தீர்ந்தது. ஆட்டத்தின் உப்பும் கூடவே போய்விட்டது. கீன் ரசிகர்கள் யாரைக் கேட்டாலும் ‘ட்ரீம்ஸ்’ பட்டியலின் அடியில்தான் இருக்கும். அதற்கு எண்கூட கிடையாது. தொலைந்துபோன பாகம் என்று ஒரு செல்லப்பெயர் உண்டு.

செய்தவர்களுக்கே திருப்தியில்லை. அடுத்த கதையில் விடை கண்டுபிடித்தார்கள். நாலாம் பாகத்தில் கீன் சுட்டால் எதிரி சாவதில்லை, மயங்கிவிடும். விழுந்த இடத்திலேயே நிரந்தரமாகக் கிடக்கும். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் வட்டமடிக்கும்.

உடல் கிடக்கிறது, ஆகவே டாம் ஹாலுக்கு வெற்றி. உயிர் இருக்கிறது, ஆகவே பெற்றோருக்கும் வெற்றி. வீட்டுக்கு வந்த புகாரைக் கேட்டு ஒரு ஆட்டத்தின் இலக்கணத்தையே இவ்வளவு நாசூக்காகத் திருத்திய கேம் கம்பெனிகள் அப்போது அதிகம் இல்லை. இந்தக் கம்பெனி இன்னும் இரண்டே வருடத்தில் ரத்தத்தைத் திரையெங்கும் தெளித்து உலகப் புகழ் பெறப்போகிறது என்பது தனிக்கதை.

★

‘குட்பை, கேலக்ஸி!’ என்பது இரண்டாவது தொடரின் பெயர். நான்கு, ஐந்து, ஆறு என்று மறுபடி மூன்று பாகங்கள். திட்டம் அப்படித்தான் தொடங்கியது.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தால் வித்தியாசம் விரல் நுனியிலேயே தெரியும். முதல் தொடரில் குதிக்கும் பொத்தானை அழுத்தினால் கீன் முதலில் லேசாகக் குனிவான், பிறகுதான் எழும்புவான். கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். பழகியவர்கள் அதை ஒரு தாளமாகவே கற்றுக்கொண்டார்கள். செவ்வாயின் பனித்தரையில் கால் வழுக்கும். போகோ குச்சியில் ஏறினால் நிற்காமல் குதித்துக்கொண்டே இருப்பான். சத்தம் எல்லாம் பிசிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் கீச்சு மட்டும்தான், இசை கிடையாது.

நாலாம் பாகத்தில் அழுத்தினால் உடனே குதிக்கிறான். விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கி ஏறுகிறான். மேலே சுடலாம், குதித்தபடியே கீழேயும் சுடலாம். காட்சி லேசாகச் சாய்ந்து, தரைக்கு ஒரு கனம் வந்துவிட்டது. பாபி பிரின்ஸின் இசை வேறு.

‘பழைய மூன்று’ கட்சிக்காரர்கள் இதையெல்லாம் மறுப்பதில்லை. அழகுதான், ஆனால் எங்கள் கீன் இவன் இல்லை என்பார்கள். அந்த முரட்டுக் குதியில் ஒரு தனிமை இருந்தது என்பது அவர்கள் வாதம். ‘கேலக்ஸி’ கட்சிக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி. உங்களுக்குப் பிடித்தது ஆட்டமா, அதை ஆடிய வயதா?

நல்ல கேள்விதான். ஆனால் அதை அவர்களிடமும் திருப்பிக் கேட்கலாமே?

★

என் வீட்டுச் சாட்சி ஒன்று சொல்கிறேன். 1990-களின் கடைசியில் எங்கள் ஊர்க் கணினிப் பயிற்சி மையம் ஒன்றில் நான் சேர்ந்தபோது, அங்கே இருந்த ஃபிளாப்பி டப்பாவில் நீல மையில் ‘கேம்ஸ்’ என்று எழுதிய ஒன்று இருந்தது. சார் டீ குடிக்கப் போனதும் அதைப் போட்டு, கறுப்புத் திரையில் ‘கீன்4இ’ என்று தட்டுவோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ‘4’ ஏன் இருக்கிறது என்று எங்களில் ஒருவர்கூட யோசித்ததில்லை. அதற்கு முன் மூன்று இருந்தன, பின்னால் இரண்டு இருக்கின்றன என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆகவே எனக்குப் பிடித்த கீன் நாலாம் பாகம். ரொம்ப காலம் அதை என் ரசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் பாகம் ஏன் டெக்சாஸிலிருந்து எங்கள் ஊர் வரை வந்தது? இரண்டாவது தொடரில் இலவசமாக விடப்பட்டது அதுதான்.

அதில் ‘வெல் ஆஃப் விஷஸ்’ என்று ஒரு லெவல். தண்ணீருக்குள் நடப்பது. பின்னால் ஒரு பெரிய பச்சை மீன் துரத்தும். முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டு, கண்ணில் அறிவின் சாயலே இல்லாமல். பிடித்துவிட்டால் ஒரே வாயில் விழுங்கி ஏப்பம் விடும். டோப்ஃபிஷ் என்று பெயர். பிரபஞ்சத்திலேயே இரண்டாவது மகா முட்டாள் பிராணி என்று டாம் ஹால் அதற்குப் பட்டம் கொடுத்தார். வருவது ஒரே ஒரு லெவலில், அதுவும் சில நிமிடம். ஆனால் அது பிறகு ஐடி கம்பெனியின் ‘குவேக்’ உட்பட எத்தனையோ ஆட்டங்களின் மறைவிடங்களில் ரகசியமாகத் தலைகாட்டியது. கேம் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்ளும் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இதே மீன் ஆறாம் பாகத்தில் வந்திருந்தால் இந்த அந்தஸ்து கிடைத்திருக்குமா?

★

கிடைத்திருக்காது. ஏனென்றால் ஆறாம் பாகத்துக்கு நடந்தது வேறு. கீன் தொடரின் தலைவிதி தீர்மானமானது அங்கேதான்.

மார்க் ரெய்ன் என்ற கனடாக்காரர் கீனின் ரசிகராகத்தான் இந்தக் குழுவுக்கு அறிமுகமானார். ரசிகராக வந்தவர் கம்பெனியின் தற்காலிகத் தலைவர் நாற்காலி வரை போய்விட்டார். ஷேர்வேரில் வரும் பணம் நல்ல பணம்தான், ஆனால் கடை அலமாரியில் பெட்டியாக அடுக்கி விற்றால்தான் பெரிய கம்பெனி ஆக முடியும் என்பது அவர் பேச்சு. ஃபார்ம்ஜென் என்ற வெளியீட்டு நிறுவனத்தோடு பேரம் படிந்தது. ஆனால் கடையில் வைக்க ஒரு ஆட்டம் வேண்டுமே? புதிதாக எழுத நேரம் இல்லை.

மூன்று பாகத் தொடரிலிருந்து மூன்றாவதை உருவி எடுத்துக் கொடுத்தார்கள்.

கதை அப்போதே உடைந்தது. ‘குட்பை, கேலக்ஸி!’ நாலும் ஐந்துமாக அப்போஜி வழியே ஷேர்வேரில் வந்தது. ஆறாம் பாகம் ‘ஏலியன்ஸ் ஏட் மை பேபிசிட்டர்!’ என்று தனித் தலைப்போடு கடைக்குப் போனது. இரண்டும் 1991 டிசம்பரில்.

ஸ்காட் மில்லருக்கு வருத்தம். ஒரு பாகம் இலவசம், இரண்டு பாகம் விலைக்கு என்ற கணக்கில்தான் அவர் வியாபாரம் நின்றது. இப்போது ஒன்று இலவசம், ஒன்றுதான் விலைக்கு. கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது பாதியாகிவிட்டது. இரண்டாவது தொடர் முதல் தொடரின் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போனது என்றும், மூன்று இரண்டானதே அதற்குக் காரணம் என்றும் அவர் பிற்பாடு சொன்னார்.

கடைக்குப் போனதும் சோபிக்கவில்லை. பெட்டியின் அட்டைப்படத்தை வடிவமைத்தது லிப்டன் தேயிலைப் பெட்டிகளை வடிவமைத்த நிறுவனமாம். படைத்தவர்களுக்கே அந்த அட்டையைப் பிடிக்கவில்லை. கூடவே ஒரு காவல்: ஆட்டத்தைத் தொடங்கினால் ஒரு பிராணியின் படம் வந்து இதன் பெயர் என்ன என்று கேட்கும். கையேட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். நகலெடுத்து நகலெடுத்தே ஊர் சுற்றிய பையனின் காலில் பூட்டு விழுந்தது.

இத்தனைக்கும் ஆறாம் பாகத்தின் கதைதான் முக்கியம். பேபிசிட்டர் மோலியை வேற்றுக்கிரகத்தினர் கடத்திவிடுகிறார்கள். கீன் தேடிப் போகிறான். அந்த மோலி யார்? முதல் தொடரிலிருந்தே அத்தனை சதிக்கும் பின்னால் நின்ற மார்ட்டிமர் மெக்மயர், கீனின் பள்ளிக்கூட எதிரி, அவனுடைய அக்கா. கடைசியில் அவள் வாயிலிருந்துதான் தம்பி அடுத்து பிரபஞ்சத்தையே அழிக்கப்போகிறான் என்ற சேதி வருகிறது. அடுத்த தொடரின் பெயரும் தயார்: ‘தி யுனிவர்ஸ் இஸ் டோஸ்ட்!’ 1992 கிறிஸ்துமஸுக்கு வருவதாகத் திட்டம்.

ஏழாம் பாகத்தின் கதவுச் சாவி, மிகக் குறைவான பேர் ஆடிய பாகத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

இப்போது கட்சிகளைத் திரும்பிப் பாருங்கள். செவ்வாயைக் கொண்டாடுகிறவர்கள் முதல் இலவச ஃபிளாப்பி கைக்கு வந்தவர்கள். பச்சை மீனைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவது இலவச ஃபிளாப்பி வந்தவர்கள். ஆறுதான் உச்சம் என்று மெல்லிய குரலில் சொல்லும் மூன்றாவது கட்சி, பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவர்களும், வெகுகாலம் கழித்துத் தேடிப்பிடித்து ஆடியவர்களும். இன்றைக்கும் ஸ்டீமில் கீன் தொகுப்பு வாங்கினால் ஒன்று முதல் ஐந்து வரைதான் கிடைக்கும். ஆறு அதில் இல்லை.

ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் கட்சியே இல்லை. காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் போன அந்தப் பாகம் முழுக்க ஒரே விண்வெளி நிலையத்துக்குள் நடக்கிறது. நான்கு இயந்திரங்களை உடைக்க வேண்டும், பிறகு நடுவில் இருக்கும் பெரிய இயந்திரம். மீன் இல்லை, காடு இல்லை, இரும்பும் மின்சாரமும்தான். ஆட்டமாக எடைபோட்டால் ஆறில் மிகக் கச்சிதமாகச் செய்யப்பட்டது அதுதான் என்பேன். மனசு நாலாம் பாகத்தின் பக்கம் இருந்தாலும், தராசு ஐந்தின் பக்கம்.

★

1992 கிறிஸ்துமஸ் வந்தது. ஏழாம் பாகம் வரவில்லை.

நடுவில் ஒரு தேதி இருக்கிறது: 1992 மே 5. ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ வெளியான நாள். பக்கவாட்டு ஓட்டம் போய், துப்பாக்கியின் பின்னால் நம் கண்ணே நின்றது. முதல் மாதத்துக் காசோலை 1,00,000 டாலர். கீனின் முதல் 10,500-ஐ நினைத்துப் பாருங்கள்.

குழுவுக்குள்ளும் காற்று மாறியிருந்தது. ஓவியர் ஏட்ரியன் கார்மாக்குக்கு (ஜான் கார்மாக்குக்கு உறவில்லை, குடும்பப் பெயர் மட்டும் ஒன்று) கீனின் செல்லப் பிராணிகளை வரைவதில் ஒருபோதும் மனம் ஒட்டவில்லை. அவருக்குப் பிடித்தது இருட்டும் ரத்தமும். ஜான் கார்மாக்கின் மனம் முப்பரிமாணத்தில். ரொமேரோ எப்போதும் வேகத்தின் பக்கம். கீனுக்காகப் பேச மிச்சம் இருந்தவர் டாம் ஹால் ஒருவர்தான்.

அவர் தன்னால் ஆனதைச் செய்தார். வுல்ஃபென்ஸ்டைனின் வீரன் பி.ஜே. பிளாஸ்கோவிச், கீனின் தாத்தா என்று ஒரு வம்சாவளி வைத்தார். பேரனுக்கு வேலை இல்லாத வீட்டில், தாத்தா பெயரைச் சொல்லியாவது அவனுக்கு ஒரு இடம் பிடித்து வைத்தார்.

முன்பு பெற்றோர் புகார் சொன்னபோது ஒரு துப்பாக்கியின் தன்மையையே மாற்றிய குழு இது. இப்போது கீன் எங்கே என்று ரசிகர்கள் கேட்டபோது, காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. 2001-ல் கையடக்க கேம் பாய் கலரில் ஒரு கீன் வந்தான், வேறு ஆட்கள் எழுதியது. 2019-ல் கீனின் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செல்பேசிக்கு ஒரு கீன் அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆறு பாகத்தில் எது நல்லது என்பதில் ஒருநாளும் ஒத்துப்போகாத மூன்று கட்சிகளும் அன்று ஒரே குரலில் வேண்டாம் என்றன. அது முழுதாக வெளிவராமலே அடங்கிவிட்டது.

‘யுனிவர்ஸ் இஸ் டோஸ்ட்’ மட்டும் இன்றுவரை வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ரசிகர்கள், பழைய பாகங்களைப் பிரித்து, தாங்களே புதிய கீன்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் படைத்த வீட்டில் கீன் இன்னொரு முறை தோன்றினான். அதைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது.

1994. ‘டூம் 2’. அதன் 15-ஆம் லெவலில் ஒரு மறைவு வாசல் உண்டு. அது 31-ஆம் லெவலுக்குப் போகும், அங்கே வுல்ஃபென்ஸ்டைனின் பழைய சுவர்கள். அங்கிருந்து இன்னொரு மறைவு வாசல் 32-க்கு. அதன் முடிவில் ஓர் அறை.

அந்த அறையில் நான்கு கீன்கள் தூக்கில் தொங்குகிறார்கள். அதே தலைக்கவசம், அதே சின்ன உடம்பு. நால்வரையும் நீங்கள் சுட்டால்தான் வெளியேறும் வழி திறக்கும். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் வராது.

அந்த ஆட்டம் வெளியானபோது டாம் ஹால் ஐடி அலுவலகத்தில் இல்லை. 1993 ஆகஸ்டிலேயே அவர் நாற்காலி காலியாகிவிட்டது. காலி செய்தது யார், ஏன்?

(தொடரும்)